ஹேண்டிலை விட்டவர்

கோபம் வருவதற்கு ஆங்கிலத்தில் இத்தனை வழிகள் இருக்கின்றன என்பது நாற்பத்தேழு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட நாளிலிருந்து இன்றுவரை, யாராவது அந்த மொழியில் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தாலே நான் கதவுப் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

போன மாதம் ஸப்ரினா ஃபோனில் கோல் எடுத்தாள். புத்தளம் நீதிமன்றத்தில் நான் பென்ஷன் எடுத்துப் போன பிறகு என் கதிரைக்கு வந்த உரைபெயர்ப்பாளர் அவள். கெட்டிக்காரி, ஆனால் பொறுமை மட்டு.

"மிஸ், இப்ப எல்லாத்தையும் ஃபோனே மாத்தித் தருது. ஆனா வெள்ளக்காரர் கோவத்துல கதைக்கிறது மட்டும் அதுக்கும் ஒழுங்காப் பிடிபடுதில்ல. உங்களுக்கிட்ட ஒரு லிஸ்ட் இரிக்கிண்டு ஒஃபிஸ்ல சொன்னாங்க. அத அனுப்ப ஏலுமா?"

லிஸ்ட் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பழைய அழைப்பாணைப் படிவத்தின் பின்பக்கத்தில், பென்சிலால் எழுதியது. படம் பிடித்து அனுப்பிவிட்டேன். அது எப்படி வந்தது என்று சொல்லாமல் அனுப்பியதுதான் பிறகு மனதை உறுத்தத் தொடங்கியது. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதுவது பயந்த சுபாவக்காரி. வீரக்கதை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் மன்னார்க்காரி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால் ஆங்கில இலக்கணம் நன்றாக வரும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரை விட்டுப் புத்தளத்துக்கு வந்து, முகாமில் இருந்தவர்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்துக் கொடுத்தே சிங்களமும் கைக்கு வந்தது. பரீட்சை எழுதி, நேர்முகத்துக்கு இரண்டு தடவை போய், கடைசியில் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் நியமனம் கிடைத்தபோது உம்மா இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்துதான் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒருமுறை விட்டு வந்த குடும்பத்துக்கு அந்தக் கடிதம்தான் புது வீடு. இதைச் சொல்வது ஏனென்றால், அந்த வேலை போய்விடுமோ என்ற பயம் முதல் நாளிலேயே என்னோடு சேர்ந்து மன்றுக்குள் வந்துவிட்டது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சில்வெஸ்டர் ஐயா. சிலாபத்துக் கத்தோலிக்கர். இளம் வயதில் கப்பலில் வேலை செய்து உலகம் சுற்றியவர், தலைமை உரைபெயர்ப்பாளர். மூன்று மொழியிலும் அவருக்குக் கனவு வரும் என்று லிகிதர்கள் பகிடி விடுவார்கள். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. நாம் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டால் கண்ணாடியைக் கழற்றுவார். லேஞ்சித் துணியால் இரண்டு பக்கமும் துடைப்பார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். திரும்பப் போட்டுக்கொண்டு, "மிஸ், இன்னொரு முறை" என்பார். அவ்வளவுதான். அந்தத் துடைப்பு முடிவதற்குள் நான் பாதி செத்துவிடுவேன். ஏசினால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலையை அவர் பழக்கியது இப்படி. "அவர் சொல்கிறார்" என்று உரைபெயர்ப்பாளர் சொல்லக்கூடாது. சாட்சி "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். கேள்வியை மாற்றக்கூடாது, பதிலை ஒழுங்குபடுத்தக்கூடாது, விளங்காவிட்டால் மன்றிடம் அனுமதி கேட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். என் முதல் மாதத்தில் ஒருவர் கூண்டில் நின்று அழுதுகொண்டே, தம்பியைக் கத்தியால் குத்தியதைச் சொன்னார். நான் சிங்களத்தில், "நான் குத்தினேன். இரண்டு தரம் குத்தினேன்" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். முழு மன்றும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

எழுத்து மொழிபெயர்ப்புக்கு வேறு முறை. கடைசியில் "மூலத்துடன் ஒப்பிட்டுச் சரியெனக் கண்டேன்" என்று எழுதி நான் கையொப்பம் இட வேண்டும். அதன் கீழே சில்வெஸ்டர் ஐயாவும் ஒப்பிட்டுப் பார்த்துச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அதன் பிறகு அந்தத் தாள்தான் உண்மை. மூலத்தை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சண்டை முடிந்து மூன்று நான்கு வருடம் போயிருக்கும். கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்தார்கள். கண்டக்குழியில் மீன் பிடித்தவர்களில் சிலர் தங்கள் இஞ்சின் போட்டுக்கு நீல நிறம் அடித்து, இருக்கை போட்டு, காலையில் டொல்பின் காட்டக் கூட்டிப் போனார்கள். நிஸ்தார் என்பவரும் அப்படித்தான் மாறியவர். அப்போது நாற்பது வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய போட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி போனார்கள். வேறு யாரும் இல்லை. கரையிலிருந்து நெடுந்தூரத்தில் அந்தப் பெண் கடலில் விழுந்தாள். விழும்போது போட்டின் விளிம்பில் தலை அடிபட்டது. நிஸ்தார் குதித்துத் தூக்கிக் கரை சேர்த்தார். அவளை முதலில் புத்தளத்துக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டுபோனார்கள். அவள் கண் திறக்கவில்லை.

திங்கள் காலை பொலிஸார் நிஸ்தாரைக் கொண்டுவந்தார்கள். கூடவே அந்தக் கணவன் தன் கையால் எழுதிக் கொடுத்த ஒரு பக்க ஆங்கிலக் கடிதமும் வந்தது. அவன் மனைவியோடு கொழும்புக்குப் போய்விட்டான். பதினொரு மணிக்கு மன்று கூப்பிடும் முன்பு கடிதத்தைச் சிங்களத்தில் மாற்றிக் கொடு என்றார்கள்.

கடிதம் எளிமையாகத்தான் இருந்தது. டொல்பின்களைக் கண்டதும் மனைவி படம் எடுக்கப் போட்டின் முன்தலைக்குப் போய் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். திரும்ப எழுந்தாள். பிறகு ஒரு வாக்கியம்: த போட்மேன் ஃப்ளூ ஓஃப் த ஹேண்டில். அடுத்த வாக்கியம், மறு நொடி அவள் தண்ணீரில் இருந்தாள் என்பது.

ஃப்ளூ என்றால் பறந்தான். ஓஃப் என்றால் விட்டு. ஹேண்டில் என்ன என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் கவனக்குறைவான ஆள் இல்லை. பயந்தவர்கள் எல்லோரும் கவனமானவர்கள். பள்ளிவாசல்துறையில் என் தங்கையின் மாப்பிள்ளை கடல் தொழிலுக்குப் போகிறவர். அவருக்குக் கோல் எடுத்தேன்.

"மச்சான், இஞ்சின் போட்ல திருப்புறதுக்குக் கையில பிடிச்சிக்கிட்டு இரிப்பீங்களே, அதுக்கு என்ன சொல்ற?"

"அதுவா? ஹேண்டில். என்னத்துக்கு ராத்தா?"

"அத விட்டா என்னாகும்?"

"ஓடக்குள்ள விட்டா போட் ஒரு பக்கத்துக்கு வெட்டிச் சுழட்டும். நிக்கிற ஆள் கடலுக்குள்ளதான்."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. "படகோட்டி ஹேண்டிலை விட்டு எகிறினார். மறு நொடி அவள் தண்ணீரில் இருந்தாள்" என்று எழுதினேன். கையொப்பம் வைத்தேன். சில்வெஸ்டர் ஐயா மற்ற மன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தார். நின்ற நிலையில் சுருக்கொப்பம் வைத்துவிட்டுப் போனார்.

மன்றில் அதைத் தமிழில் நிஸ்தாருக்கு வாசித்துக் காட்டினேன். ஹேண்டில் என்ற சொல் வந்ததும் அவர் கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பொய்! வல்லாஹி பொய்! நான் ஹேண்டில விடல்ல!"

நீதவான் இளம் பெண்மணி, சிங்களவர். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். நிஸ்தார் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். நான் சிங்களத்தில் சொன்னேன்: "நான் ஹேண்டிலை விடவில்லை. அந்தப் பெண்ணை உட்காரும்படி கேட்டுக்கொண்டேன். அவர் உட்காரவில்லை. அலை வந்தது, விழுந்துவிட்டார்."

கணவனின் எழுத்து ஒரு பக்கம், சந்தேகநபரின் மறுப்பு ஒரு பக்கம். பெண் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஓடுகிற போட்டின் ஹேண்டிலை விட்டவனுக்கு யார் பிணை கொடுப்பார்? பதினான்கு நாள் விளக்கமறியல் என்று சிறைக்கு அனுப்பினார்கள். அவள் இறந்துவிட்டால் குற்றச்சாட்டு மாறும் என்று பொலிஸ் உத்தியோகத்தர் எழுந்து சொன்னார். அதையும் நான்தான் நிஸ்தாருக்குத் தமிழில் சொன்னேன்.

மன்று முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் வழியை மறித்தார். கறுப்பு அபாயா, காலில் கடற்கரை மண் காயாமல் இருந்தது. நிஸ்தாரின் மனைவி பரீதா.

"மிஸ், நீங்கதானே அந்தக் காயிதத்த வாசிச்ச? அவர் என்ன விட்டாலும் விடுவார், ஹேண்டில விடமாட்டார். இருவத்தஞ்சி வருசம் கடல்ல இரிக்கிறவர். கோவக்காரன்தான். கத்துவார். ஊருக்கே தெரியும். ஆனா கையி ஹேண்டில்லதான் இரிக்கும்."

"நான் எழுதினதில்ல தங்கச்சி. அந்த வெள்ளக்காரர் எழுதினத மாத்தினது மட்டும்தான்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு மன்று கலைவதற்குச் சற்று முன்பு, ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை சத்தியக்கடதாசி முடிக்க வந்தாள். கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டாள். இடையில் அவள் ஏதோ சொல்லித் தலையில் கை வைத்தாள். நான் லிகிதருக்குச் சிங்களத்தில், "என் தகப்பனார் கூரையில் அடிக்கப் போகிறார்" என்றேன். லிகிதர் பேனையை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

பின்னால் நின்ற சில்வெஸ்டர் ஐயா சிரித்துவிட்டார். "மிஸ், ஹிட் த ரூஃப் எண்டா, கோவம் பொத்துக்கொண்டு வரும் எண்டு அர்த்தம். தகப்பனுக்குக் கடும் கோவம் வரப்போகுது எண்டு அந்தப் பிள்ள சொல்றா."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பகல் சாப்பாட்டு நேரத்தில், "இதுமாதிரி வேறயும் இரிக்கா ஐயா?" என்று கேட்டேன். கப்பல் காலத்துக் கதை கேட்டால் மனிதருக்கு முகம் மலர்ந்துவிடும். சோற்றுப் பார்சலை ஒதுக்கிவைத்து, ஓர் அழைப்பாணைப் படிவத்தைப் புரட்டி, பென்சிலால் எழுதத் தொடங்கினார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ப்ளோ எ ஃபியூஸ்: ஆளுக்குள்ளே ஃபியூஸ் போய்விட்டது. ப்ளோ யுவர் டொப்: உச்சி மண்டை பறந்துவிட்டது. சீ ரெட்: கண்ணுக்கு எல்லாமே சிவப்பு. த்ரோ எ வொப்ளி: இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை, ஆனால் அவருடைய கப்பல் கப்டன் அதை அடிக்கடி செய்வாராம். லூஸ் இட்: எதையும் தொலைக்கவில்லை, புத்தியைத் தவிர.

ஏழாவதாக ஒன்றை எழுதினார். ஃப்ளை ஓஃப் த ஹேண்டில்.

"இது கோடரியில இருந்து வந்தது" என்றார். "வெட்டிக்கொண்டு இருக்கேக்க கோடரித் தலை பிடிய விட்டுப் பறக்கும் இல்லையா? அதுமாதிரி ஆள் திடீரெண்டு கோவத்துல பாயிறது. இதுலயும் ஒண்டும் பறக்கிறதில்ல, மிஸ்."

நான் அந்த வரியைப் பார்த்தேன். அந்தச் சொற்களை எனக்கு நன்றாகத் தெரியும். பதினொரு நாளைக்கு முன்பு வேறொருவனின் கையெழுத்தில் பார்த்திருந்தேன். ஐயா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தட்டுப்படவில்லை. அவர் அந்தக் கடிதத்தை வாசித்தே இருக்கவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். "நல்ல லிஸ்ட் ஐயா" என்றேன். அப்படித்தான் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண் எழுந்து எழுந்து நின்றாள், படகோட்டிக்குக் கோபம் வெடித்தது, மறு நொடி அவள் தண்ணீரில் இருந்தாள். கணவன் எழுதியது அவ்வளவுதான். படகோட்டி கத்தினான் என்றால் எச்சரித்தான் என்று அர்த்தம். நிஸ்தாரைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாக்கியத்தை நான் அவருக்கு விலங்காக மாட்டியிருந்தேன்.

மறுதவணை திங்கட்கிழமை. இடையில் இரண்டு நாள் இருந்தது. வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை உடுப்புக் கழுவினேன், கழுவியதையே திரும்பக் கழுவினேன். யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அந்தக் கணவன் நாடு திரும்பிவிடுவான். நீதவான் சிங்களத்தாளைத்தான் வாசிக்கிறார். நிஸ்தாரின் சட்டத்தரணியும் அதைத்தான் வாசிக்கிறார். வாயைத் திறந்தால் விசாரணை வரும். பிழையான மொழிபெயர்ப்புக்குச் சான்று கொடுத்தவள் என்று கோப்பில் ஏறும். அதைவிட மோசம், முஸ்லிம் படகோட்டியைக் காப்பாற்ற முஸ்லிம் உரைபெயர்ப்பாளர் சொல்லை மாற்றுகிறாள் என்று சொல்லிவிட்டால்? அப்போது முஸ்லிம்களின் கடைகளுக்குக் கல் எறிவதும், பத்திரிகையில் எங்களைப் பற்றி எழுதுவதும் தொடங்கியிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை உம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லையே, ஏன் சாப்பிடாமல் இருக்கிறாய் என்று கேட்டார்.

திங்கள் ஏழரைக்கே ஒஃபிஸுக்குப் போனேன். சில்வெஸ்டர் ஐயா ஏடுகள் அடுக்கிய அறையில் தனியாக இருந்தார். மடித்த லிஸ்டை அவர் முன் விரித்து, ஏழாவது வரியில் விரலை வைத்தேன். மற்றக் கையால் கடிதத்தின் பிரதியையும் என் மொழிபெயர்ப்பையும் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. திரும்பப் போடவும் இல்லை. கண்ணாடி இல்லாத அவருடைய கண்கள் எவ்வளவு சின்னவை என்பதை அன்றுதான் கண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் கையொப்பத்தை அல்ல. அதன் கீழே இருந்த தன் சுருக்கொப்பத்தை.

"மிஸ், எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் மூண்டு மாசம்தான் இருக்குது" என்றார்.

தாள்களை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பொம்பள கண் முழிச்சிட்டாவாம். பொலிஸ்ல சொன்னாங்க. இண்டைக்கு எப்படியும் பிணை குடுப்பாங்க. ஆள் வெளிய வந்திருவார். பிறகு ஆறுதலா, அடுத்த தவணைக்கு, ஒரு திருத்தம் எண்டு போட்டுக் கொள்ளலாம். நான் போன பிறகு."

பதினான்கு வருடம் அவருக்கு முன்னால் குரல் உயர்த்தியறியாதவள் நான். என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெரிய பதிவேட்டைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தேன். இறாக்கையில் இருந்து தூசி கொட்டியது.

"பிணை குடுக்காட்டி? குடுக்காட்டி என்ன செய்வீங்க? அந்த மனுசன் சிறைக்குள்ள இரிக்கிறது என்ட எழுத்தால! உங்கட எழுத்தால! வாசிச்சிருந்தா ஒரு நிமிசத்துல பிடிச்சிருப்பீங்க! மற்றவங்களுக்கு இன்னொரு முறை, இன்னொரு முறை எண்டு சொல்லத் தெரியும். நீங்க ஒரு முறையாவது பார்த்தீங்களா?"

வாசலில் இரண்டு லிகிதர்கள் வந்து நின்றுவிட்டார்கள். என் குரலைக் கேட்டு எனக்கே பயம் வந்தது. முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஐயா அந்தப் பதிவேட்டை எடுத்து இறாக்கையில் வைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மூலத்தைக் கொண்டு வாங்க மிஸ்" என்றார். "ஆனா நீங்கதான் சொல்லணும். உங்கட வாயால. திறந்த மன்றில."

வழக்கு கூப்பிட்டதும் அனுமதி கேட்டு எழுந்தேன். பத்தாம் வரியின் மொழிபெயர்ப்பு பிழை, பிழை என்னுடையது, அந்த வாக்கியத்துக்கு ஹேண்டிலோடு சம்பந்தமே இல்லை, படகோட்டி கடும் கோபம் கொண்டான் என்பதுதான் அர்த்தம் என்று சிங்களத்தில் சொன்னேன். மன்றில் சின்னச் சலசலப்பு எழுந்தது. பொலிஸ் உத்தியோகத்தர் எழுந்தார்.

"இது புதுக் கதையாக இருக்கிறது. ஹேண்டில் என்று எழுதியிருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. திடீரென்று இந்த அம்மாவுக்கு ஏன் இந்த அக்கறை? இவரும் சந்தேகநபரும் ஒரே ஆட்கள்தானே?"

நான் இரண்டு நாளாகப் பயந்த வார்த்தை அதுதான். எல்லோருக்கும் கேட்கும்படி அது மன்றின் நடுவில் விழுந்துவிட்டது. நீதவான் அவரை அமரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "ஹேண்டில் என்ற சொல் இருக்கும்போது ஹேண்டில் இல்லை என்று மன்று எப்படி நம்புவது?"

அவருக்குத் தமிழ் விளங்காது; தமிழ்த் தொடர் ஒன்றையே சிங்களத்தில் பிரித்துக் காட்டினேன். "கனம் நீதவான் அவர்களே, தமிழில் நாங்கள் 'எரிந்து விழுந்தான்' என்று சொல்வோம். அதில் நெருப்பும் இல்லை, ஒருவரும் கீழே விழுவதும் இல்லை. கோபப்பட்டான் என்று மட்டும்தான் அர்த்தம். இதுவும் அப்படித்தான்" என்றேன்.

அவர் யோசித்தார். என் சொல் ஒன்று போதாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்போது பின்வரிசையில் கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. சில்வெஸ்டர் ஐயா எழுந்து முன்னால் வந்தார்.

"மிஸ் சொல்வது சரி. இரண்டாவது கையொப்பம் என்னுடையது. மூலத்தை நான் வாசிக்கவில்லை. வாசிக்காமல் வைத்தேன்."

அவருடைய கைவிரல்கள் காற்சட்டைத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அது தெரிந்தது.

நிஸ்தாருக்கு அன்று மதியமே பிணை கிடைத்தது. பிறகு அந்தக் கணவனைத் தொடர்புகொண்டு கேட்டபோது, தான் சொன்னது கோபத்தைத்தான் என்றும், படகோட்டி கையை எடுத்ததைத் தான் காணவில்லை என்றும், குதித்துத் தன் மனைவியைத் தூக்கியது அவர்தான் என்றும் எழுதியிருந்தான். சில தவணைகளில் வழக்கு முடிந்தது. எனக்கும் ஐயாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஐயாவின் பென்ஷன் கொஞ்சம் இழுபட்டுத்தான் கிடைத்தது. என்னோடு அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதை எங்கள் ஒஃபிஸில் பிரபலம். தன் பிழையைத் திறந்த மன்றில் ஒப்புக்கொண்ட மிஸ் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். என் பிரியாவிடைக் கூட்டத்தில்கூடச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஸப்ரினா, உனக்கு நான் சொல்ல வேண்டியது இனித்தான். முதல் நாள் நிஸ்தார் கூண்டில் நின்று சொன்னது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது அவர் சொன்னது அல்ல. நான் மன்றுக்குச் சொன்னது. அவர் சொன்னது இது: "எனக்கு விசர்க் கோவம் வந்திச்சு மிஸ். இரிடி சனியனே, சாகப் போறியாண்டு தொண்ட கிழியக் கத்தினேன். ஒரு தூசண வார்த்தையும் விட்டுட்டேன்." அந்த வார்த்தையையும் சொன்னார். ஆண்கள் நிறைந்த மன்றில் "நான்" என்று தொடங்கி அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிபட்டுக் கிடக்கிற பெண்ணை ஏசினான் என்று தெரிந்தால் நீதவானுக்கு இவர்மேல் வெறுப்பு வந்துவிடும் என்றும் நினைத்தேன். "உட்காரும்படி கேட்டுக்கொண்டேன்" என்று அழகாக்கிவிட்டேன். கோபம் என்ற சொல்லே ஏட்டில் ஏறவில்லை. ஏறியிருந்தால், கோபத்தில் கத்தினேன் என்று அவரும் சொல்கிறார், கணவனும் ஏதோ எழுதியிருக்கிறான் என்று சில்வெஸ்டர் ஐயா அன்றைக்கே மூலத்தைப் புரட்டியிருப்பார்.

பிணையில் வந்த அன்று நிஸ்தார் நடைபாதையில் என்னிடம் வந்தார். பரீதா சற்றுத் தள்ளி நின்றார். மனிதர் இளைத்துப் போயிருந்தார், தாடி வெட்டாமல் இருந்தது.

"மிஸ், அந்த வெள்ளக்காரன் எழுதியிரிக்கிறதும் நான் கத்தினதத்தானே?"

"ஓம், நிஸ்தார் நானா."

"நானும் முதல் நாளே அதத்தானே சொன்ன. நீங்க அத அவங்களுக்குச் சொன்னீங்களா?"

அரை மணித்தியாலத்துக்கு முன்பு முழு மன்றின் முன்னாலும் உண்மை சொன்னவள் நான். இரண்டாவது பிழையும் வெளியில் வந்தால் வேலை நிச்சயம் போய்விடும் என்று தோன்றியது. "சொன்னேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. ஊரே சொல்லும் கோபக்காரரின் முகத்தில் அன்று நான் தேடிப் பார்த்தும் அது இல்லை.

"நான் சிலாபத்து ஆக்களோட பதினஞ்சி வருசம் மீன் யாவாரம் செஞ்ச மிஸ். எனக்குச் சிங்களம் விளங்கும்" என்றார். "நீங்க மாத்திச் சொல்லக்குள்ளயே விளங்கிச்சு. படிச்சவங்க, எனக்கு நல்லதுக்குத்தான் அப்படிச் சொல்றீங்கண்டு நினைச்சு வாய மூடிக்கிட்டு நிண்டேன்."

பரீதா கூப்பிட்டார். அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த ஏட்டில் இன்றும் "உட்காரும்படி கேட்டுக்கொண்டேன்" என்றுதான் இருக்கிறது.